வெளியே நின்ற கத்தரி

கூந்தன்விளைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாத்தியார் பேச்சைத் தட்டவே மாட்டார்கள். பள்ளிக்கூடம் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

தவமணி சார் இருபது கத்தரி நாற்றுகளை நட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதப் பயிற்சிக்குக் கிளம்பினார்.

“அதிகாரி வர்ற அன்னைக்கு சத்துணவு சாம்பார்ல நம்ம காய் கிடக்கணும். இல்லன்னா தோட்டத்தை அழிச்சு சைக்கிள் ஷெட் போட்டிருவாங்களாம். உங்களை நான் பாத்துக்கிடுற மாதிரியே செடியைப் பாத்துக்கிடுங்கடே.”

லீடர் அழகம்மை, செல்வின், இசக்கிப்பாண்டி மூவரும் கூடி யோசித்தார்கள்.

“சார் தினமும் அட்டெண்டன்ஸ் எடுப்பாரு.”

“உயர வரிசையில நிப்பாட்டுவாரு.”

அப்படியே செய்தார்கள். காலைதோறும் ஸ்கேலால் அளந்து, குட்டை முன்னால், நெட்டை பின்னால் என்று பிடுங்கிப் பிடுங்கி நட்டார்கள்.

“எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருக்கே, ஏன்லே?” என்றாள் அழகம்மை.

“பாடம் படிக்கல. கேள்வி கேட்டிருவோம்னு பயம்,” என்றான் செல்வின்.

கேள்வி கேட்பதில்லை என்று செடிகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். அப்படியும் பத்தாம் நாள் இருபதும் ஆப்சென்ட்.

இருபத்தோராவது நாற்று ஒன்று உண்டு. கூடைக்கு அடியில் ஒட்டிக் கிடந்து மறுநாள்தான் கண்ணில் பட்டது. லேட்டாக வந்த குற்றத்துக்கு அதை வேலிக்கு வெளியே, கைகழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டு நிறுத்தியிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை; அது வளர்ந்தது, பூத்தது, எட்டுக் காய் காய்த்தது.

“வெளிய நிக்கச் சொன்னா பூத்துக்கிட்டு நிக்குது. கொழுப்பைப் பாரு!” என்றான் இசக்கிப்பாண்டி.

நோட்டுத்தாளில் டி.சி. எழுதிக் காம்பில் கட்டினார்கள். நடத்தை: சரியில்லை.

அதிகாரி வருகிற நாள் காலையில் பெரிய டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். “ஏட்டி, காய் இருக்கே! பறி!”

“அது நம்ம ஸ்கூல் இல்ல டீச்சர். டி.சி. குடுத்தாச்சு.”

“திரும்பச் சேத்துத் தொலைங்க!” என்று கத்தும்போதே ஜீப் சத்தம் கேட்டது. டீச்சர் வாசலுக்கு ஓடினார்.

திரும்பச் சேர்க்க அப்பா கையெழுத்து வேண்டுமே? மூவரும் நாற்றுக்கடை கோயில்பிச்சை அண்ணாச்சியிடம் ஓடிக் கையெழுத்து வாங்கி வந்தார்கள். அதற்குள் ஒரு வெள்ளாடு எட்டுக் காயையும் தின்றுவிட்டு, டி.சி.யை மென்றுகொண்டிருந்தது.

செல்வினுக்கு அழுகை வந்தது. “தோட்டம் போச்சு!”

அழகம்மை ஆட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். “எங்கேயும் போகல. காய் உள்ளதான் கிடக்கு.”

சற்று நேரத்தில் பெரிய டீச்சரும் அதிகாரியும் சத்துணவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது, மூவரும் சாம்பார் அண்டா பக்கத்தில் ஆட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

“என்னம்மா இது?” என்றார் அதிகாரி.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றாள் அழகம்மை. “சாம்பார் ஆறட்டும். இந்தச் சூட்டுல காயைப் போட்டா ஆட்டுக்குச் சுட்டிரும்.”