எந்த அரண்மனைக் காசு?

“தங்கத்துக்குப் பக்கத்துல வெள்ளியைக் கோக்கச் சொல்றான் சாமி, என் மகன். எங்க வம்சம் என்னத்துக்கு ஆகும்?”

கேட்டவர் மருதங்குடி ஜமீனின் நாச்சியார். அரண்மனை ஓடுகள் பாதி சரிந்துவிட்டன. நாச்சியாரின் கழுத்து மட்டும் இன்னும் கொஞ்சமும் சரியவில்லை.

எதிரே மடத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சாமிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“விவரமாச் சொல்லுங்க, தாயே.”

நாச்சியார் பட்டுத்துணியைப் பிரித்து, பழைய காசுமாலை ஒன்றையும் ஒரு வெள்ளிக் காசையும் எடுத்து வைத்தார்.

அந்த ஜமீனுக்கு வாழ்க்கைப்படும் ஒவ்வொரு பெண்ணும் பிறந்த வீட்டிலிருந்து ஒரு தங்கக் காசு கொண்டு வருவாள். வளைகாப்பன்று மாமியார் அதைக் கோத்து, மாலையை மருமகள் கழுத்தில் போடுவார். இப்போது வந்திருக்கும் மருமகளோ பள்ளிக்கூட வாத்தியார் மகள். கொண்டுவந்தது வெள்ளிக் காசு.

“நாளைக்கு வளைகாப்பு. கோக்கலைன்னா அவளைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டே போயிருவேங்கிறான். கோத்தா ஊரே சிரிக்கும்.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டு முதல் காசைத் தொட்டார்.

“இது யாரு?”

“வேலங்குளத்து நாச்சியார். பல்லக்கும் பரிவாரமுமா வந்தவங்க!”

“அது ஊரு. பேரு?”

“பேரா? பொறந்த அரண்மனையைச் சொல்லித்தான் கூப்பிடுறது எங்க வழக்கம்.”

“இது?”

“நெடுங்கரை நாச்சியார். என் மாமியார். கடைசி வரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன்.”

“பேரு?”

நாச்சியாருக்கு அது தெரியவில்லை. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

“சரி, இது?”

“நான். ஆலங்கோட்டை.”

“பேரு?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

“செம்பவளம்,” என்றார், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

சாமி வெள்ளிக் காசைத் தொட்டார்.

“இந்தப் பொண்ணு?”

“அவளுக்கு ஏது அரண்மனை? தமயந்தின்னு பேரைச் சொல்லித்தான்...”

நாச்சியார் பாதியில் நிறுத்திவிட்டார். சாமி புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் உறவு ஜமீன்கள் எல்லாம் கூடத்தில் நிறைந்திருந்தன. தமயந்தியின் கழுத்தில் காசுமாலை. தங்கக் காசுகளின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளிக் காசு.

பங்காளி வீட்டு அம்மாள் அதைத் தூக்கிப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தினார்.

“என்ன மதினி, இது எந்த அரண்மனைக் காசு?”

“அது தமயந்தி காசு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாள் விடுவதாக இல்லை.

“அப்ப, பக்கத்துல இருக்கிறது ஆலங்கோட்டைக் காசுதானே?”

“இல்ல. அது செம்பவளம் காசு.”

“செம்பவளமா? யாரு அது?”

நாச்சியார் நிமிர்ந்து நின்றார்.

“நான்தான்.”