உலகம்மை பேரைச் சொல்லி யார் கேட்டாலும்

அநியாயம் நடந்தது உலகம்மைக்கு. நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டை ராப்பகலாக உட்கார்ந்து எழுதி வீட்டுக் கணினியில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அதை எடுக்க வந்தவளை, பெற்ற அப்பாவும் அம்மாவும் தூக்கி வளர்த்த பெரியப்பாவும் சேர்ந்து கணினிப் பக்கமே அண்டவிடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆய்வேடு பேராசிரியர் மேசைக்குப் போகாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இதில் வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், அவளைத் தடுத்த சட்டம் அத்தனையும் அவள் கையாலேயே எழுதியது.

போன மாதம் அப்பா திரவியம், இலவசமாக ஜாதகம் பார்க்கிற எதையோ கணினியில் இறக்கிவிட்டார். அது ஜாதகம் பார்க்கவில்லை, வீட்டு ஆட்கள் என்ன தட்டுகிறார்கள் என்று வேவு பார்த்தது. உலகம்மை தென்காசி வட்டாரத்தில் பட்டிமன்றக் கோப்பை வாங்காத பள்ளிக்கூடம் இல்லை. ஒரு மணி நேரம் கத்தினாள். அப்பா இறக்கிய குப்பையை எல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணினாள். பிறகு ஒரு முழுத் தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்யுங்க. சொந்த யோசனையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விடுதிக்கு பஸ் ஏறினாள்.

சொந்த யோசனை வேண்டாம் என்றதும் மூன்று பேருக்கும் பெரிய நிம்மதி.

முக்கியமானவற்றை ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்கவும் என்று ஒரு விதி. பெரியப்பா குற்றாலிங்கம் நாற்பது வருஷம் பத்திரம் எழுதி ஓய்வு பெற்றவர். நான்கு நீள நோட்டு வாங்கிவந்தார். திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பதினோரு நாளில் ஆய்வேடு முழுவதையும் கையால் பிரதி எடுத்தார். கட்டிப் பரண்மேல் அண்டாவுக்குள் வைத்தார்.

அடுத்து பாஸ்வேர்ட். பழையதை மாற்ற வேண்டும். புதியதை வீட்டு ஆட்கள் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது.

"அப்ப ஒருத்தருக்கு முழுசாத் தெரியலாமா?" என்றார் அப்பா.

"தெரிஞ்சா அவரு வீட்டு ஆளுதானே? கூடாது" என்றார் பெரியப்பா.

ஆகவே பங்கு பிரித்தார்கள். ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பெரியப்பா தட்டினார், அப்பா தட்டினார், கடைசியில் அம்மா சங்கரவடிவு தட்டினாள். எல்லாம் ஒழுங்காக முடிந்த நேரத்தில் அப்பா திரும்பிப் பார்த்துத் தொலைத்தார்.

"வடிவு, உன் ரகசியம் தெரிஞ்சுபோச்சு. நாலு புள்ளி."

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். அவர் தட்டிய இடத்திலும் புள்ளி. அப்பா தட்டிய இடத்திலும் புள்ளி.

"மூணு பேரும் ஒண்ணையேவா வச்சிருக்கோம்?"

"நான் புள்ளி வைக்கலையே அத்தான்!" என்றாள் அம்மா.

"நானும்தான் வைக்கலை. உள்ள இருந்து எவனோ மாத்துதான்."

கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் கணினிக்குத் தெரிகிறமாதிரி எதையும் மாற்றுவதில்லை. அவரவர் பங்கை மனசுக்குள்ளேயே மாற்றிக்கொள்வது. மனசுக்குள் எவன் எட்டிப் பார்ப்பான்? வாரம் ஒருதரம் மாற்றவும் என்று விதி இருந்ததால், திங்கள்கிழமைதோறும் குளித்து முழுகி, மூன்று பேரும் கண்ணை மூடி உட்கார்ந்து மாற்றினார்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் உலகம்மை வந்து இறங்கினாள். அவளிடம் இருந்த பிரதியைக் கடையில் அச்செடுக்கக் கொடுத்து, ஆய்வேட்டைப் பறிகொடுத்து, பென் டிரைவ் நிறைய வைரஸை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம்.

அம்மா இட்லி வைத்தாள், தோசைக்கு மாவு கலக்கினாள், இளைத்துவிட்டாயே என்று கண் கலங்கினாள்.

"அம்மா, பாஸ்வேர்ட் என்ன?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எனக்குன்னா?"

"என்னம்மா விளையாடுதியா? உலகம்மைக்கு!"

அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தாளை நிதானமாக வாசித்தார். "ஆறாவது விதி. உலகம்மை பேரைச் சொல்லி யார் கேட்டாலும் நம்பாதீர்கள்."

"பெரியப்பா, அது போன்ல ஏமாத்துறவங்களுக்கு எழுதினது!"

"போன்னு இதுல எழுதலையே. யார்னுதானே எழுதியிருக்கு."

"நான் உங்க பொண்ணா இல்லையா?"

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் அப்பா. "நீ எங்க பொண்ணுதான். ஆனா அவ பேரைச் சொல்லிக் கேக்கியே!"

பட்டிமன்றத்தில் எத்தனை பேர் வாயை அடைத்தவள். விடுவாளா?

"சரி. நான் உலகம்மை இல்லை. யாரோ ஒருத்தி. இப்பக் கொடுங்க."

"முதல் விதி" என்றாள் அம்மா, பாவமாக. "தெரியாதவங்களுக்கு எதையும் திறக்கக் கூடாதாம். நீ இன்னொரு தோசை சாப்பிடு தாயி."

மணி பதினொன்று. உலகம்மை தாளை மேலும் கீழும் படித்தாள். இவ்வளவு ஓட்டை இல்லாமல் எழுதித் தொலைத்திருக்கிறோமே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, நான் உங்க பேரைச் சொல்லிக் கேக்கேன். குற்றாலிங்கம் கேக்காரு, திறங்க."

மூவரும் கொல்லைப்புறம் போய் அரைமணி நேரம் ஆலோசித்தார்கள். குற்றாலிங்கம் பேரைச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. திரும்பி வந்து முறையாக வரிசையில் நின்றார்கள். தட்டினார்கள். கணினி மறுத்தது. மறுபடி தட்டினார்கள். மறுத்தது.

"போன தடவை மாத்தினது மூணு பேருக்கும் ஞாபகம் இருக்குல்ல?" உலகம்மை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"பேஷா இருக்கு. திங்கக்கிழமைதானே மனசுக்குள்ள மாத்தினோம்!"

"மனசுக்குள்ளயா? அப்ப கம்ப்யூட்டர்ல முதல்ல தட்டினது?"

"பழசை மனசுல வச்சிருந்தா ஆபத்தில்லையா? அன்னைக்கே மறந்தாச்சு" என்றார் அப்பா பெருமையாக. பிறகு அவராகவே முன்னால் வந்து, "எதுக்கும் புள்ளியாவே வச்சுப் பாக்கேன்" என்று பதினோரு புள்ளி தட்டினார்.

கணினி இனி யாரையும் விடுவதில்லை என்று ஒரே அடியாகப் பூட்டிக்கொண்டது.

உலகம்மை தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பெரியப்பா ஏணியை எடுத்தார், பரண்மேல் ஏறினார், அண்டாவுக்குள் கையை விட்டார். நான்கு நோட்டும் இறங்கின. உலகம்மை அவர் காலில் விழாத குறை. பிரதி போகிற இடத்துக்கு எழுதினவனும் போக வேண்டும் என்று பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். இருவரும் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பேராசிரியர் அறைக்குள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது. அவர் முத்திரையை மையில் ஒற்றி எடுத்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். அச்சு மாதிரி கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மணி எழுதியிருந்தது: மாலை நாலு பன்னிரண்டு, நாலு முப்பது. எழுத்துப் பிழைக்கெல்லாம் சிவப்பு மையில் நெளிநெளியாக அடிக்கோடு. நாற்பதாம் பக்கத்தின் நடுவில் ஒரு அம்புக்குறி. ஐம்பத்தேழில், ஆய்வின் முக்கியமான முடிவுக்கு மேலே கட்டம் கட்டி எழுதியிருந்தது: 'உங்கள் கணினி சற்று நேரத்தில் அணைந்து மீண்டும் தொடங்கும். இப்போது வேண்டாம்.'

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இது யாரோட ஆய்வேடும்மா?"

"என்னோடதுதான் சார். ஒரு வார்த்தை விடாம என்னோடது."

"கையெழுத்து?"

"பெரியப்பாவோடது."

மணி நாலு ஐம்பத்தெட்டு. முத்திரை பிடித்த கை நோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. பேராசிரியர் பெரியப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க வயசுல பெரியவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முத்திரை வச்சிடுதேன். இந்தப் பொண்ணு உலகம்மைதானே?"

உலகம்மை கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார், ஆறாவது விதிமேல் விரல் வைத்து வாசித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார்.

"காலையிலேருந்து இவளும் அப்படித்தான் சார் சொல்லுதா" என்றார்.