கொள்ளைக்காரன் சொன்ன இரண்டு இல்லை

கொன்றைமங்கலம் ராஜா விஜயரகுநாதருக்கு இங்கிலீஷ் பேசும் படம் என்றால் உயிர். இங்கிலீஷ்தான் அவ்வளவாக வராது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. அதனால் அரண்மனைக் கொட்டகையில் படம் ஓடும்போது வசனத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல மாசிலாமணி என்பவரைக் காதருகே நிறுத்திக்கொண்டார். மகாராணிக்காக இந்த ஏற்பாடு என்று ஊருக்குச் சொல்லிவைத்தார்கள்.

மாசிலாமணி பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனவரல்ல. கொழும்புத் துறைமுகத்தில் பத்து வருஷம் கப்பல் சமையல் செய்தவர். அமெரிக்க மாலுமிகளிடம் திட்டு வாங்கி வாங்கியே இங்கிலீஷ் படித்தவர்.

அரண்மனை இங்கிலீஷ் வாத்தியார் ஆராவமுதன் பி.ஏ. அந்தப் பி.ஏ.வைச் சேர்க்காமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். சமையல்காரன் ராஜாவின் காதருகே நிற்க, தான் பின்வரிசையில் உட்காருவது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் கொள்ளைக்காரன் படம் ஓடியது. கோர்ட்டுக் கூண்டில் நின்ற கொள்ளைக்காரன் நீதிபதியைப் பார்த்து, "ஐ எய்ன்ட் கில்ட் நோபடி" என்றான்.

"நான் ஒருத்தரையும் கொல்லலை என்கிறான், மகாராஜா" என்றார் மாசிலாமணி. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆராவமுதன் எழுந்தார். 'எய்ன்ட்' என்பது ஓர் இல்லை, 'நோபடி' இன்னோர் இல்லை. இரண்டு இல்லை சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்து ஆமாம் ஆகிவிடும், இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது என்றார். அவன் கொன்றேன் என்று ஒப்புக்கொள்கிறான், இந்தச் சமையல்காரன் இத்தனை நாளும் மகாராஜாவை ஏமாற்றி வந்திருக்கிறான் என்று முடித்தார்.

ஒரு கொலைகாரனுக்காகவா கண்ணீர் விட்டோம் என்று ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தை நிறுத்தச் சொன்னார். முடிவுவரை ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் சபை கூடும், இருவரும் வாதாட வேண்டும், தோற்றவர் குடும்பத்தோடு சமஸ்தானத்தை விட்டுக் கிளம்ப வேண்டியது என்று உத்தரவாயிற்று.

தெருவில் பேசுகிறவர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை, அழுத்திச் சொல்ல வேண்டுமானால் இல்லைமேல் இல்லை போடுவார்கள் என்று மாசிலாமணி சொல்லிப் பார்த்தார். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ராஜா கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லை. வீட்டில் மாசிலாமணியின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள்.

காலையில் சபை நிறைந்திருந்தது. ஆராவமுதன் தடித்தடியாக நான்கு புத்தகங்களோடு வந்திருந்தார். மாசிலாமணி வெறுங்கையோடு வந்து கும்பிட்டு நின்றார்.

"ஐயா, உங்கள் விதி இங்கிலீஷுக்கு மட்டும்தானா?"

"எல்லா மொழிக்கும்தான். இரண்டு இல்லை சேர்ந்தால் ஆமாம். இது தர்க்கம். சட்டி கழுவுகிறவனுக்கு எப்படிப் புரியும்?"

மாசிலாமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இன்னொரு சந்தேகம், ஐயா. நம் மகாராஜாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று போன வாரம் கடைத்தெருவில் நீங்கள் சொன்னதாகப் பேச்சு. சொன்னீர்களா?"

ஆராவமுதன் முகம் வெளுத்துவிட்டது. அவர் சொல்லியிருந்தார், அதுவும் இரண்டு கடைகளில்.

"இல்லவே இல்லை!" என்று அலறினார்.

மாசிலாமணி ராஜாவின் பக்கம் திரும்பினார். "இல்லவே என்பது ஒன்று. இல்லை என்பது இரண்டு. ஐயாவே ஒப்புக்கொண்டுவிட்டார், மகாராஜா."

ராஜாவின் கை மீசைக்குப் போனது. ஆராவமுதனின் புத்தகங்கள் கையிலிருந்து நழுவின.

"மகாராஜா, அது அழுத்தத்துக்காகச் சொல்வது. பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"அந்தக் கொள்ளைக்காரனும் அதைத்தான் செய்தான், ஐயா" என்றார் மாசிலாமணி.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாசிலாமணிக்குச் சரிகைச் சால்வை போர்த்தி, இனி காதருகே நிற்க வேண்டாம், பக்கத்து நாற்காலியில் உட்காரலாம் என்றார். பிறகு சிரிப்பு அடங்கியதும் வாத்தியாரைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும். கடைத்தெருவில் அப்படிச் சொன்னீரா, இல்லையா?"

ஆராவமுதன் பி.ஏ. வாயைத் திறந்தார், மூடினார், யோசித்தார். கடைசியில் மிகவும் ஜாக்கிரதையாக, ஒரே ஒரு இல்லை சொன்னார்.

அதைச் சபையில் ஒருவரும் நம்பவில்லை.