எண்ணூற்றைம்பது வாட் கல்யாணம்

தாராபுரத்தில் எங்கள் வீடியோ ஸ்டுடியோவுக்கு முதலாளிகள் மூன்று பேர்: குருபரன், செல்லையா, நான். மூன்று பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரு மூளை கொடுத்திருந்தார். அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

கோகிலவாணியின் கல்யாண வீடியோ ஒன்பது மாதமாக எங்களிடம் கிடந்தது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளினோம். கடைசியில் அவளே கடைக்கு வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை வளைகாப்புங்கண்ணா. எம்புள்ள பொறக்கறதுக்குள்ளயாவது எங்கண்ணாலத்தக் கண்ணுல காட்டிருங்க."

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. கம்ப்யூட்டர் வேகமாக ஓட அன்றே உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். கூடவே வந்த விவரத்தாளைக் குருபரன் வாசித்தான். ப்ளஸ் டூவை மூன்று முறை எழுதியவன் என்பதால் எங்களில் அவன்தான் அதிகம் படித்தவன்.

மெமரி இருபத்து நான்கு ஜிபி. விசிறி மூன்று. மின்சாரம் குறைந்தது எண்ணூற்றைம்பது வாட். வெப்பம் தொண்ணூறு டிகிரியைத் தாண்டக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றித்தான் நெடுநேரம் விவாதித்தோம். ஒரே பந்தியில் இத்தனை பேர் உட்கார்ந்தால் கார்டுக்கு எப்படி வயிறு நிறையும்? டியூப்லைட்டை அணைத்தோம். கார்டுக்கே மூன்று விசிறி இருக்க நமக்கு எதற்கென்று சீலிங் ஃபேனையும் நிறுத்தினோம். வீடியோ வேலையைத் தொடங்கிவிட்டு மானிட்டரையும் அணைத்தோம்.

"வேல நடக்குதான்னு எப்பட்றா தெரியும்?" என்றேன்.

"தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சிருது. தொண்ணூறத் தாண்டுதான்னும் பாத்த மாதிரி ஆச்சு," என்றான் குருபரன்.

கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கும் செல்லையாவின் கைதான் அதற்குத் தகுதி என்று முடிவானது. இரண்டு நாள் கார்டின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். சூட்டை வைத்தே எந்தக் காட்சி ஓடுகிறது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் இல்லாத மண்டபத்துக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போனோம். விளக்கு, ஃபேன், ஸ்பீக்கர், சமையல்கட்டு கிரைண்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னோம். திரையில் படம் வந்தது. கோகிலவாணி கண் கலங்கினாள். அப்போதுதான் புரொஜக்டரும் மின்சாரம் தின்றுகொண்டிருப்பதைக் கவனித்தேன். மற்ற இருவருக்கும் அது தோன்றவேயில்லை. பெருமையோடு போய் அதன் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

கும்மிருட்டில் முந்நூறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். செல்லையா கார்டைத் தொட்டான்.

"சூடு ஏறுது. தாலி கட்டறாங்க."

நாலா பக்கமிருந்தும் அட்சதை வந்து விழுந்தது. கோகிலவாணி சந்தோஷத்தில் விம்மும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் இருட்டில் தடவித் தடவி எங்களிடம் வந்து, தங்கள் பக்கத்து ஆட்களையே காட்டவில்லை என்று சண்டைக்கு நின்றார். செல்லையா பொறுமையாக அவர் கையைப் பிடித்துக் கார்டின் மேல் வைத்தான்.

"நல்லாத் தொட்டுப் பாருங்க. மூணாவது வரிசையில நிக்கறீங்க."

பெரியவர் கொஞ்சநேரம் தடவிப் பார்த்தார்.

"ஆமா தம்பி, நாந்தான்," என்றார். "வேட்டிதான் கொஞ்சம் கசங்கியிருக்குது."