மேட்டில் நின்ற லாரி

பழைய லாரிக்குப் புது பிரேக் லைனிங் மாட்டிய மாரப்பன், கொல்லிமலை வளைவில் பிரேக் பிடிக்காமல் பாறையில் உரசி உயிர் தப்பினான். நேராக அதை வாங்கிய உதிரிபாகக் கடைக்குப் போய் முறையிட்டான்.

"சரக்கு சுத்தம். உனக்குத்தான் மிதிக்கத் தெரியல," என்றார் முதலாளி தெய்வசிகாமணி, கடை நிறைந்த கூட்டம் கேட்க.

"சரிங்க, தப்பு என்னுதுதானுங்க."

மாரப்பன் லாரியைக் கடைக்கு எதிரே இருந்த மேட்டில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

"முதலாளி! லாரியோட இறங்கி வந்து, வாசல்ல நிக்கிற உங்க புதுக் காருக்கு ஒரு முழம் முன்னால மிதிச்சு நிறுத்துறேன். சரியா மிதிக்கிறனான்னு பாருங்க. கல்லை எடுக்கட்டுங்களா?"

தெய்வசிகாமணி வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"எடுக்காதடா! அந்த லைனிங் பிடிக்காது!"

அவருக்குப் பின்னால், கடையில் இருந்தவர்கள் வாங்கிய பொட்டலங்களை ஒவ்வொருவராக மேசையில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்கள்.