நான்கு வட்டமும் ஒரு புளியங்கொட்டையும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்குத் தன் மகன் சிரிப்பதைப் பார்க்க ஆசை வந்தது. இளவரசனுக்கு மூன்று மாதம். செவிலி பார்த்திருந்தாள், பூக்காரி பார்த்திருந்தாள். அரசன் மட்டும் பார்க்கவில்லை. சோதிடர் மாதேவர் மூன்று முறை நேரம் குறித்துக் கொடுத்தார். முதல் முறை குழந்தை தூங்கியது. அடுத்த முறை அழுதது. மூன்றாம் முறை அரசனின் பட்டாடையை நனைத்தது.

"சிரிப்பு நம் விகடகவி வெண்காடனின் வேலை, அரசே," என்றார் மாதேவர். "சிரிக்கும் கணத்தை அவன் பத்து நாளுக்குள் தங்களிடம் சொல்லட்டும். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசன் அப்படியே ஓலை எழுதச் சொன்னான்.

வெண்காடனின் மனைவிக்கு நிறைமாதம். அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திப் போவது?

அவன் தொட்டிலருகே உட்கார்ந்தான். தரையில் கரியால் நான்கு வட்டம் போட்டான்: தூக்கம், அழுகை, விழிப்பு, சிரிப்பு. குழந்தை மாறும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை வட்டம் மாற்றி வைத்தான். ஒன்பது நாளில் சில விஷயங்கள் தெரிந்தன. தூக்கம் பெரும்பாலும் அழுகையில் முடிந்தது. சிரிப்பு விழிப்பிலிருந்து மட்டுமே வந்தது. பகலுக்கு நான்கு முறை வரும். எப்போது என்பது மட்டும் பிடிபடவில்லை.

பத்தாம் நாள் காலையில் அரசனை அழைத்து வந்து தொட்டிலருகே உட்காரவைத்தான்.

மூன்று நாழிகை போயிற்று.

"இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டேன். இனி சீக்கிரம் வந்துவிடும், இல்லையா?"

"இல்லை, அரசே. தாங்கள் காத்திருந்தது குழந்தைக்குத் தெரியாது. இப்போதுதான் உள்ளே வந்தவருக்கும் தங்களுக்கும் ஒரே வாய்ப்புதான்."

"பிறகு நான் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?"

"எழுந்து போனவருக்கு அதுவும் இல்லை."

அரசன் எழவில்லை. குழந்தை கண்விழித்து, சற்று அழுது, ஓய்ந்தது. கொட்டை விழிப்பு வட்டத்துக்கு வந்தது. குழந்தை அரசனின் மீசையையே பார்த்தது. அதன் உதட்டோரம் நெளிந்தது.

"இப்போது, அரசே," என்றான் வெண்காடன்.

பல்லில்லாத வாய் மலர்ந்தது. அரசன் மூச்சுவிடவில்லை.

"நடக்கும்போது யார்தான் சொல்லமாட்டார்கள்?" என்றார் வாசலில் நின்ற மாதேவர். "முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?"

"ஓலையில் அப்படி எழுதவில்லையே, சோதிடரே. கணத்தைச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். "உனக்கு ஒரு கிராமம் மானியம், வெண்காடா. உன் பிள்ளை பிறந்ததும் மூன்று மாதம் அவைப்பக்கம் வராதே. வீட்டில் உட்கார்."

அந்தச் சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு அழுதது. வெண்காடன் கொட்டையை நகர்த்தினான்.

"அடுத்தது எப்போது?"

"தெரியாது, அரசே."

அரசன் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தொட்டிலை ஆட்டத் தொடங்கினான்.