தடத்தில் உட்கார்ந்தவர்

"என்னைத் தனியா ஆள் கூட்டிட்டுப் போக என்னைக்கு விடுவீங்க, டீச்சர்?"

கேட்டவர் தில்லைநாயகம். வங்கி வேலையை உதறிவிட்டு, ஐம்பது வயதில் இமயமலைக்கு வந்து சேர்ந்த சீடர்.

குரு கோமளவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். நீலகிரிக்காரி. இருபது வருஷமாகப் பனிக் கணவாய்களில் ஆட்களை வழிநடத்துகிறவர்.

குரு குனிந்து, சீடரின் காலணிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"இறுக்கிக் கட்டுங்க. கிளம்பலாம்."

சித்திரை மாதம். கூடவே திருப்பூர்க்காரர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் கால் கொப்பளித்துவிட்டதால், விடியலில் தாண்ட வேண்டிய பெரிய சரிவுக்கு உச்சிவெயிலில்தான் வந்தார்கள். அதைத் தாண்டினால் கணவாய். அந்தப் பக்கம் ஜீப் காத்திருந்தது.

முந்தின ராத்திரி மேகமூட்டம்; குளிர் இறங்கவில்லை. பனி இறுகவே இல்லை. தில்லைநாயகம் ஓரமாகக் கால் வைத்தார். முழங்கால்வரை உள்ளே போனது. மேலே, பாறையோரம் வெயில் பட்டு, சின்னச் சின்னப் பனியுருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தன; சரிவே பெயர்ந்து விழக்கூடும் என்பதற்கு அடையாளம்.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றார் குரு. "நான் முன்னால போறேன்."

தில்லைநாயகம் விடுவிடுவென்று போய் அவர் வழியை மறித்து, பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது?"

"இன்னைக்கு வேணாம், டீச்சர்."

"இந்தச் சரிவுல நான் எத்தனை பேரைத் தாண்ட வச்சிருக்கேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப எந்திரிங்க."

"மாட்டேன்."

தில்லைநாயகம் குருவை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. இனி இந்த மலையில் நமக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் எழவில்லை.

திருப்பூர் சாமியப்பன் சிரித்தார். "கையெழுத்து சரியில்லைன்னு செக்கைத் திருப்பி அனுப்புன கை. இங்கேயும் வந்து வேலையைக் காட்டுது பாருங்க."

குரு சரிவைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே கீழே இறங்கத் தொடங்கினார்.

சரிவுக்கு எட்டாத பாறை முகட்டில் கூடாரம் போட்டார்கள். சாயங்காலம் முழுக்கச் சரிவு பரம சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

"ஒரு பிடி பனியாவது விழுந்துச்சாங்க, சார்?" என்றார் சாமியப்பன்.

"இல்லீங்க."

"அப்புறம்?"

தில்லைநாயகம் கூடாரக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். குரு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்காகவும் பேசவில்லை, அவரை எதிர்த்தும் பேசவில்லை.

இரவில் மேகம் கலைந்து வானம் தெளிந்தது. விடியலில் பனி கல்லாக இறுகியிருந்தது. காலணி பட்ட தடம்கூடப் பதியவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

ஜீப் அருகே, இவர்கள் வந்த பக்கம் போவதற்காக வேறொரு கூட்டம் காத்திருந்தது. குரு அவர்களிடம் போனார். சாமியப்பன் காதிலும் விழுகிற மாதிரி, உரக்கச் சொன்னார்:

"நாளைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறவர் இவர்தான். பேர் தில்லைநாயகம். இவர் உட்கார்ந்தா நீங்களும் உட்காரணும்."

தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கியது. குருவின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"நேத்து என்னைச் சோதிச்சுத்தானே பாத்தீங்க, டீச்சர்?"

"சோதனையா?" குரு தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க மறிக்கலைன்னா நான் போயிருப்பேங்க."